தூண்டில் வளைவுக்கு வடக்கே இருப்பவர்கள்

"அண்ணே, நம்ம மேலூர்ப் பக்கம் கருங்கல்லு லோடு என்ன ரேட்டுக்குப் போகுது?"

சித்தப்பா மகன் போனில் இப்படிக் கேட்டதும், சரி, தம்பி வீடு கட்ட ஆரம்பித்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். அவனுக்குப் புதுச்சேரியில் வேலை. குடியிருப்பது அதற்கு வடக்கே, விழுப்புரம் மாவட்டத்து மீனவக் குப்பம் ஒன்றை ஒட்டி. "வீடெல்லாம் இல்லண்ணே. கடலு தெருவுக்குள்ள வந்துருச்சு. கல்லு கொட்டித் தாங்கன்னு சனம் ரோட்டுல உக்காந்துருக்கு. எம்புட்டு ஆகும்னு ஒரு கணக்குக்குக் கேட்டேன்" என்றான்.

கல் விலையை மேலூர்ப் பக்கத்துக் கொட்டாம்பட்டிக்காரனான என்னிடம் கேட்டது நியாயம்தான். கடல்தான் எங்களுக்குத் தூரம், கல் வாசலிலேயே கிடக்கிறது. மேலூர் வட்டாரத்தில் எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் பாதி மலை நிற்கும். மீதிப் பாதி இருந்த இடத்தில் பச்சைத் தண்ணீர் தேங்கிய பள்ளம் இருக்கும். 2012-ல் கிரானைட் முறைகேடு வெடித்ததும், உயர் நீதிமன்றம் நியமித்து ஐ.ஏ.எஸ். அதிகாரி சகாயம் விசாரித்ததும், 2015-ல் அறிக்கை கொடுத்ததும் இங்கே டீக்கடையில் இன்றும் பேச்சு. பக்கத்து அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கம் வருகிறது என்றதும் சனம் மதுரைக்கே திரண்டு போய், 2025 ஜனவரியில் அந்த ஏலத்தை ரத்து செய்ய வைத்தது. வெட்டின மலை திரும்ப முளைக்காது என்பது எங்கள் ஆட்களுக்கு நன்றாகவே தெரியும்.

அப்படிப்பட்ட கல்லைக் கொண்டுபோய்க் கடலில் கொட்டினால் என்னதான் ஆகிறது? தம்பியைப் பார்க்கப் போகிற சாக்கில் அதையும் பார்த்துவிட்டு வந்தேன். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலை எல்லோரும் பார்த்ததுதான். காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், சாலையை ஒட்டி நீளத்துக்கும் கருங்கல் குவியல். சின்னப் பிள்ளைகள் அந்தக் கல்மேல் ஏறி செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கும். ஆனால் அந்தக் கல் பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து அங்கே இப்படிக் கிடப்பதல்ல. நாற்பது வருடத்துக்கு முந்தைய பாண்டியைப் பார்த்தவர்களைக் கேட்டால், இங்கே மணல் இருந்தது, படகு ஏற்றி வைத்திருந்தார்கள், பந்து விளையாடினோம் என்பார்கள். 1980-களின் பின்பாதியில் ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகம் கட்டினார்கள். கப்பல் வர வாய் திறந்திருக்க வேண்டுமே, அதற்காக இரண்டு பக்கமும் கடலுக்குள் கல்லால் அலைதடுப்புச் சுவர் நீட்டினார்கள். அதற்குப் பிறகுதான் வடக்கே மணல் குறைய ஆரம்பித்தது.

இதற்குக் காரணம் புரிய வேண்டுமானால் ஒன்றை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கடற்கரை மணல் ஓரிடத்தில் கிடக்கிற மாதிரி தெரியும். ஆனால் அது நடந்துகொண்டே இருக்கிறது. அலை நேராக வந்து கரையில் மோதுவதில்லை, கொஞ்சம் சாய்வாக வருகிறது. வரும்போது மணலைச் சாய்வாக மேலே தள்ளும். திரும்பும்போது தண்ணீர் நேராக இறங்கும். இப்படி ஒவ்வொரு அலைக்கும் மணல் ஓர் அடி பக்கவாட்டில் நகர்ந்திருக்கும். நம் கிழக்குக் கரையில் தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் மணல் வடக்கே போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். வருடக் கணக்கைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். புதுச்சேரிப் பக்கம் அது வருடத்துக்கு 4 லட்சத்திலிருந்து 6 லட்சம் கன மீட்டர் வரை இருக்கும் என்பது பொறியாளர்கள் போடுகிற கணக்கு. டிப்பருக்குப் பத்து கன மீட்டர் என்று வைத்தால்கூட 50,000 லோடு. எங்கள் நான்குவழிச் சாலையில் நாள் தவறாமல் 130, 140 டிப்பர் மணல் வடக்கே போகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். டிரைவர் இல்லை, டீசல் இல்லை.

கண்மாய்ப் பாசனத்தில் வளர்ந்தவனுக்கு இதற்கு மேல் விளக்கமே தேவையில்லை. ஒரே வரத்துக்காலில் வரிசையாக நாலைந்து கண்மாய் இருக்கும். மேலே ஒன்று நிறைந்து, கலுங்கு தாண்டி, அடுத்ததற்குப் போகும். மேல் கண்மாய்க்காரன் தன் கலுங்கை ராத்திரியோடு ராத்திரியாக ஒரு முழம் ஏற்றிக் கட்டிவிட்டால் அவன் ஊரில் நாற்று நிற்கும், கீழே கடைமடையில் கருகும். மறுநாள் காலையில் மண்வெட்டியோடு கூட்டம் கிளம்பும். துறைமுகத்துச் சுவரும் அப்படி ஏற்றிக் கட்டின கலுங்குதான். தெற்கே மணல் ஏறியது, வடக்கே கரை காய்ந்தது. ஒரே வித்தியாசம், கடலில் யார் கலுங்கை ஏற்றியது என்று கடைமடைக்காரனுக்கு உடனே தெரிவதில்லை. கடல்தான் கோபத்தில் உள்ளே வருகிறது என்று நினைத்துக்கொள்கிறான்.

மணல் போனதும் நகரத்து முகப்பைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். தலைமைச் செயலகமும் சுற்றுலாவும் இருக்கிற இடம், விட்டுவிட முடியாது. ஆனால் கல் கொட்டிய இடத்தில் அரிப்பு நின்றால், கல் முடிகிற இடத்தில் அது தொடங்கும். குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று வடக்கே போனது. அங்கேயும் கல். பிறகு எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் தந்திராயன்குப்பம், நடுக்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று வரிசையாக. துறைமுகம் ஓர் அரசு கட்டியது, அரிப்பு இன்னொரு அரசின் ஊர்களில். தம்பி போனில் சொன்ன ரோட்டு மறியல் இந்த வரிசையில் ஒரு புள்ளி.

அங்கே ஒரு குப்பத்தில் நின்று பார்த்தேன். அலைக்குள் ஓர் உறைக்கிணறு நின்றுகொண்டிருந்தது. சுற்றியிருந்த மண் போய்விட்டதால் நாலு உறையும் வெளியே தெரிய, உள்ளே கடல்நீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் அது ஒரு வீட்டின் கொல்லைப்புறம். பக்கத்தில் வேர் முழுக்க வெளியே தொங்க ஒரு தென்னை. வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "கல்லு போட்டா சரியாயிருமாய்யா?" என்று கேட்டேன்.

"கல்லு போட்டா வூடு நிக்கும் சார். போட்டு எங்க நிக்கும்?" என்றார்.

ஃபைபர் படகை இழுத்து ஏற்ற மணல் வேண்டும். கரைவலை இழுக்க மணல் வேண்டும். மீனைக் காயப்போட மணல் வேண்டும். கல்மேல் இதில் எதையும் செய்ய முடியாது. "அப்ப கல்லே வேணாம்கிறீங்களா?" என்றேன். ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "வேணாம்னு எப்டி சார் சொல்றது? இன்னிக்கு ராத்திரி நான் எங்க படுக்கறது?"

ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு 'கற்சுவர் தீர்வாகாது' என்று கட்டுரை எழுதுகிறவர்கள், என்னையும் சேர்த்து, இந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டு எழுத வேண்டும்.

கல்லுக்கும் பலன் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் பாண்டி நகரத்தின் நடுப்பகுதி பெரிய சேதமில்லாமல் தப்பியது. கரையோரக் கல்தான் காப்பாற்றியது என்று ஊரில் பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். புயல் ராத்திரியில் வீட்டுக்கும் அலைக்கும் நடுவில் ஏதாவது ஒன்று நிற்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். பிரச்சினை மற்ற நாட்களில். சரிவான மணலில் ஏறும் அலை தன் வேகத்தை மணலிலேயே தொலைத்துவிட்டுத் திரும்பும். செங்குத்தான கல்லில் மோதும் அலை வேகத்தோடு திரும்பி, சுவரின் அடியில் இருக்கிற மணலைத் தோண்டிக்கொண்டு போகும். கடல் ஆழமாகும், அடுத்த அலை இன்னும் பெரிதாக வரும், அடிக்கல் சரியும், மேலே மறுபடி கல் கொட்ட வேண்டும். அதற்கு மறுபடி எங்கோ ஒரு மலை.

இதைத் தெரிந்த மீனவர்கள் கேட்பது நேர்ச்சுவரை அல்ல, தூண்டில் வளைவை. கரையிலிருந்து கடலுக்குள் நீண்டு முனையில் தூண்டில் முள் மாதிரி வளைகிற கற்சுவர். கன்னியாகுமரியிலிருந்து திருவள்ளூர் வரை செய்தித்தாளில் மாதம் ஒரு கிராமமாவது இதைக் கேட்டுப் போராடுகிறது. தூண்டில் வளைவு தன் தெற்குப் பக்கத்தில் மணலைப் பிடித்து வைக்கும். அந்த ஊருக்குக் கரை கிடைக்கும். பிடித்து வைத்த மணல் வடக்கு ஊருக்குப் போயிருக்க வேண்டியது. ஆகவே அடுத்த வருடம் வடக்கு ஊரும் தூண்டில் வளைவு கேட்கும். கேட்காமல் என்ன செய்யும்? கேரளத்தில் கொச்சி பக்கம் செல்லானத்தில் 344 கோடி ரூபாயில் 7 கிலோமீட்டருக்கு மேல் டெட்ராபாட், அதாவது நான்கு கால் கான்கிரீட் கட்டை அடுக்கிய சுவர் கட்டி, அந்த ஊர் நிம்மதியானது. சுவர் முடிந்த இடத்துக்கு வடக்கே கண்ணமாலிக்காரர்கள் வீட்டுக்குள் கடல்நீரோடு போராட்டத்தில் இறங்கினார்கள்.

சென்னைக்காரர்கள் இதைப் படித்துவிட்டுப் பாண்டியைப் பாவம் பார்க்க வேண்டாம். மெரினா அவ்வளவு அகலமாக இருப்பதற்குக் காரணமே 1870-களில் கட்டத் தொடங்கிய சென்னைத் துறைமுகம்தான். தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா ஆனது, கவர்னர் கிராண்ட் டஃப் அதன் ஓரமாக உலாவும் பாதை போட்டார். வடக்கே ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வரை நிலம் கடலுக்குள் போய், இன்று எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் முழுக்கக் கல். பட்டாணி சுண்டல் தின்றுகொண்டு நாம் உட்கார்ந்திருக்கிற மணலில் ஒரு பங்கு வடசென்னைக்குப் போய்ச் சேராத மணல். தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுப் பார்த்ததில் இந்தியக் கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிப்பில் இருந்தது. தமிழ்நாட்டில் அது நூற்றுக்குச் சுமார் 43.

இனி, கடல் மட்டம் ஏறுகிற விஷயம். 1901-லிருந்து 2018 வரை உலகக் கடல்கள் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கின்றன. ஒரு சாண் அளவு. 2006-க்குப் பிறகு வருடத்துக்கு 3.7 மில்லிமீட்டர் என்று வேகம் கூடியிருக்கிறது. இந்த நூற்றாண்டு முடிவில், புகையை எவ்வளவு குறைக்கிறோம் என்பதைப் பொறுத்து, கால் மீட்டருக்குச் சற்று மேலிருந்து ஒரு மீட்டர் வரை ஏறலாம் என்பது ஐ.நா.வின் பருவநிலை விஞ்ஞானிகள் குழு 2021-ல் சொன்ன கணக்கு. ஒரு சாண் ஏறியதற்கா இவ்வளவு என்று தோன்றும். மணலும், பின்னால் போக இடமும் இருக்கிற கரை, கடல் ஏற ஏறத் தானும் கொஞ்சம் பின்வாங்கி, மேடேறி உட்கார்ந்துகொள்ளும். முன்னால் மணல் வரவு இல்லாமல், பின்னால் சாலையும் கட்டடமும் அடைத்துக்கொண்டிருக்கிற கரையால் அது முடியாது. ஆகவே கடல் ஏறுவது எல்லா ஊருக்கும் பொது என்றாலும், அடி முதலில் விழுவது ஏற்கெனவே மணல் பட்டினியில் இருக்கிற ஊருக்கு. பாண்டியில் இன்றுவரை தெரிகிற சேதத்தில் பெரும்பங்கு மனிதன் கட்டிய சுவரால் வந்தது. கடல் ஏறுவது அதன்மேல் ஏறுகிற வட்டி.

பாண்டியில் உருப்படியாக ஒரு முயற்சி நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். 'பாண்டிகேன்' போன்ற ஊர்க்காரர்களின் அமைப்புகள் பல வருடம் கத்தின. சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கிற தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் ஒரு வடிவமைப்பு செய்தது. 2018-ல், ஆப்பு வடிவில் சுமார் 900 டன் எடையுள்ள எஃகுக் கூடு ஒன்றைத் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் இறக்கிவைத்தார்கள். செயற்கைத் திட்டு. வெளியே பெரிதாகத் தெரியாது. அலை அதில் இடறி முன்னாலேயே உடைந்துவிடும், பின்னால் அமைதியான தண்ணீரில் மணல் இறங்கும். கூடவே துறைமுக வாயில் தூர்வாரிய மணலையும் கொட்டினார்கள். கொஞ்ச நாளில் காந்தி சிலைப் பக்கம், ஒரு தலைமுறை பார்க்காத மணற்பரப்பு திரும்பி வந்தது. சாயங்காலம் பிள்ளைகள் அதில் ஓடி விளையாடுவதை நானே பார்த்தேன். புதுக் கரையின் நீரோட்டம் தெரியாமல் இறங்கிக் குளித்தவர்கள் மூழ்கிய சம்பவங்களும் உண்டு, போகிறவர்கள் கவனம்.

ஆனால் வடக்குக் குப்பத்துப் பெரியவருக்கு இந்தத் திட்டு மட்டும் போதாது. மணலை நகரத்துக்கு முன்னால் பிடித்து வைத்தால் அவருக்கு வருவது இன்னும் குறையுமே தவிரக் கூடாது. அவருக்கு வேண்டியது, துறைமுகச் சுவரில் தேங்குகிற மணல் ஒவ்வொரு வருடமும் சுவரைத் தாண்டி வடக்கே போய்ச் சேர வேண்டும். இதில் கொடுமை என்னவென்றால், அந்த மணலை முகத்துவாரத்தில் யாருக்கும் பிடிக்கவில்லை. வாய் தூர்ந்து படகு தட்டுகிறது, கவிழ்கிறது, தூர்வாருங்கள் என்று அங்கேயும் மீனவர்கள் போராடுகிறார்கள். தெற்கே மணல் அதிகம் என்று மறியல், சில கிலோமீட்டர் வடக்கே மணல் இல்லை என்று மறியல். நடுவில் ஒரு குழாய் போட்டு இறைத்தால் இரண்டு மறியலுக்கும் வேலை இல்லை. துறைமுகம் வடிவமைக்கப்பட்டபோதே மணலைக் கடத்திவிடும் ஏற்பாடு திட்டத்தில் இருந்தது. சுவர் கட்டி முடிந்தது, மணல் இறைக்கிற வேலை ஒழுங்காக நடக்கவில்லை.

நடக்காத காரியமா இது? விசாகப்பட்டினம் துறைமுகம் தூர்வாரிய மணலை ஆர்.கே. பீச்சுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பல காலமாக நடக்கிறது. பாண்டிக்கு இன்னும் பொருத்தமான உதாரணம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. ட்வீட் ஆற்று முகத்துவாரம் நியூ சௌத் வேல்ஸ் மாநிலத்தில். 1960-களில் அங்கே சுவரை நீட்டினார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் குயின்ஸ்லாந்தின் கோல்ட் கோஸ்ட் கரைகள் மணல் இல்லாமல் தேய்ந்தன. அதே கதை, அதே இரண்டு அரசு. அவர்கள் உட்கார்ந்து பேசி, ஒப்பந்தம் போட்டு, அதைச் சட்டமாகவும் ஆக்கி, 2001 முதல் பம்பு வைத்து மணலை ஆற்றுக்கு அடியில் குழாய் வழியாக அந்தப் பக்கம் தள்ளுகிறார்கள். அளவு வருடத்துக்குச் சுமார் 5 லட்சம் கன மீட்டர். நம் பாண்டிக் கணக்கும் கிட்டத்தட்ட அதுதான் என்பதைக் கவனியுங்கள். முதலில் அளவு மிஞ்சிப்போய் கிர்ரா கடற்கரையில் மணல் தேவைக்கு மேல் குவிந்துவிட்டது என்று அங்கேயும் சண்டை வந்தது. பிறகு அளவைச் சரிசெய்தார்கள். நெதர்லாந்தில் 2011-ல் ஹேக் நகருக்குப் பக்கத்தில் 2.15 கோடி கன மீட்டர் மணலை ஒரே இடத்தில் குவித்து, அலையே அதைக் கரை நெடுக நிரவட்டும் என்று விட்டார்கள்.

மணல் ஒரு பக்கம் இருக்கட்டும். பாண்டியில் தண்ணீர் முன்வாசலில் மட்டும் வருவதில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் பக்கத்தில் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. தெருவில் படகு விட்டார்கள். அது கடல்நீர் இல்லை, வானத்துத் தண்ணீர். பின்னாலேயே சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து பாகூர்ப் பக்கம் மூழ்கியது. கரையில் எவ்வளவு உயரத்துக்குக் கல் அடுக்கியிருந்தாலும் இதற்கு உதவாது. கடல் மட்டம் ஏறினால் பெரிய வாய்க்கால் மாதிரியான வடிகால்கள் கடலில் இறங்குவதற்கே திணறும். அப்போது தண்ணீரைப் பிடித்து நிறுத்த மேலே ஏரி வேண்டும். பாகூர் ஏரி, ஊசுட்டேரி என்று பாண்டிக்கு அந்தச் சொத்து முன்னோர் கொடுத்ததுதான். வரத்துக்காலில் பிளாட் போட்டுவிட்டுக் கடலைத் திட்டுவதில் அர்த்தமில்லை. மதுரையிலும் இதையேதான் செய்துகொண்டிருக்கிறோம், அதற்குத் தனிப் பதிவு வேண்டும்.

எல்லாம் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். கரையைக் காப்பது கட்டுமான வேலை என்று நினைக்கிறோம். அது மராமத்து வேலை. கண்மாயை ஒருவன் கட்டிவிட்டுப் போனான். அதை நூற்றுக்கணக்கான வருடம் உயிரோடு வைத்திருந்தது, வருடா வருடம் வீட்டுக்கு ஓர் ஆள் என்று மண்வெட்டியோடு இறங்கிய குடிமராமத்து. அது நின்ற நாளில்தான் கண்மாய் செத்தது. மணலும் அப்படித்தான். துறைமுகம் இருக்கிற வரைக்கும் ஒவ்வொரு வருடமும் இத்தனை லட்சம் கன மீட்டரை வடக்கே தள்ளியே ஆக வேண்டும். ஆனால் கற்சுவருக்கு அடிக்கல் நாட்டலாம், கல்வெட்டு வைக்கலாம், திறப்பு விழாவில் போட்டோ எடுக்கலாம். மணல் இறைக்கிற பம்புக்கு வருடா வருடம் கரண்டு பில் கட்டுவதை யார் போஸ்டர் அடித்து ஒட்டுவார்கள்?

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். பெரியவர் வீட்டுக்கு இன்றைக்குக் கல் கேளுங்கள், தப்பில்லை, மனிதன் படுக்க இடம் வேண்டும். அந்த மனுவிலேயே இரண்டாவது வரியாக, துறைமுக வாயில் தூர்வாருகிற மணல் எங்கள் கரைக்கு வர வேண்டும், வருடத்துக்கு எவ்வளவு வந்தது என்று கணக்கு காட்ட வேண்டும் என்றும் எழுதுங்கள். மனுவை விழுப்புரம் கலெக்டருக்கு மட்டும் கொடுக்காமல் புதுச்சேரி அரசுக்கும் ஒரு நகல் கொடுங்கள். "ரெண்டு கவர்மெண்டும் பேசணுமேண்ணே" என்றான். பேசட்டும். ஆஸ்திரேலியாவில் பேசினார்கள்.

படிக்கிற உங்களுக்கும் ஒரு வேலை. எந்த ஊரிலாவது தூண்டில் வளைவுக்கு அடிக்கல் நாட்டினார்கள் என்று செய்தி வந்தால், செல்போனில் மேப்பைத் திறந்து அதற்கு வடக்கே அடுத்த ஊர் எது என்று பாருங்கள். அந்த ஊருக்கு மணல் எப்படிப் போய்ச் சேரும் என்று திட்டத்தில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த மறியல் எந்த ஊரில் என்பதை இப்போதே குறித்து வைத்துக்கொள்ளலாம்.